கெலிண்டான் இருக்கை

என் கணவருக்குத் திட்டம் என்றாலே அலர்ஜி. எனக்கோ திட்டம் இல்லாமல் பாசாருக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கக்கூட வராது. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே வேனில் ஏறி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றிவிட்டு வந்தோம் என்றால், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் நம்பவில்லை. "சண்டை போடாமலா வந்தீங்க?" என்று லிஃப்டில் வைத்துக் கேட்கிறார்கள். போட்டோம். வஞ்சனையில்லாமல் போட்டோம்.

இரண்டு பேர் குணத்துக்கும் நாங்கள் பார்த்த வேலைதான் காரணம். நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்து, வார்டின் தலைமைத் தாதியாக ஓய்வு பெற்றவள். யாருக்குக் காலை வேலை, யாருக்கு இரவு வேலை, தீபாவளிக்கு யாருக்கு லீவு, நோன்புப் பெருநாளுக்கு யார் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போகவேண்டும் என்று மாதாமாதம் அட்டவணை போட்டவள். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வார்டில் யாரோ ஒரு நோயாளி தண்ணீர் கேட்டுக் காத்துக் கிடப்பார். காலிக் கட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை பேனாவைத் தேடும்.

அவர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். துறைமுகத்தில் ஒவ்வொரு லோரிக்கும் ஒரு நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்குக் கேட்டில் நிற்காவிட்டால் வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். பினாங்குக்குப் போனாலும் ஜொகூருக்குப் போனாலும் அவர் மனம் முழுக்க அந்தக் கேட் டைம்தான். வேலையை விட்ட அன்றைக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டவர், மறுபடி அதைக் கட்டவே இல்லை. எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று எதைக் கேட்டாலும், "போயி பாத்துக்கலாம் லா" என்பார். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு டாக்டர் கண் டாக்டர். பயணம் தொடங்கியது அவருடைய அறையில்தான்.

இவருக்கு இடது கண் மங்கலாக இருக்கிறதென்று போனோம். ஒரு கருவிக்குள் தலையை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். இவர் வீடியோ கேம் விளையாடுவதுபோல உற்சாகமாக அழுத்திவிட்டு வந்தார். எல்லாப் புள்ளியையும் பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தார். திரையில் வந்த படத்தில் இடது ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தது. கண் அழுத்த நோய், நரம்பைத் தின்றுகொண்டு வருகிறது, போனது போனதுதான், மீதியைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றார் டாக்டர். பகலில் இப்போதைக்குக் கார் ஓட்டலாம், இருட்டில் ஓட்டக்கூடாது. அடுத்த பரிசோதனையில் மறுபடி பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவோம் என்றார். வார்டில் இருந்தவளுக்கு, "பேசுவோம்" என்று ஒரு டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

திரும்பும்போது இவரே ஓட்டினார். வானொலியைப் போடவில்லை. எங்கள் புளோக்கின் கீழே காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ, கேட் டைம் இல்லாம ஓட்டணும்" என்றார்.

"எங்க?"

"எங்கயாச்சும். நீட்டா ரோடு இருக்கணும். பின்னாடி எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது."

கே.எல்லில் அப்படி ஒரு சாலை கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சுங்கை பூலோவில் இருக்கும் எங்கள் மகள்தான் முன்பு ஒருமுறை கணவரோடு நியூசிலாந்து போய், படுக்கையும் அடுப்பும் உள்ள வேனை வாடகைக்கு எடுத்துச் சுற்றியவள். நாங்களும் அப்படிப் போகப் போகிறோம் என்றதும் முதலில் துள்ளினாள். கண் விஷயம் தெரிந்ததும் அப்படியே மாறிவிட்டாள். "மா, அப்பாவ வெளிநாட்டுல ஓட்ட விடப் போறீங்களா? என்னமா வெளையாடுறீங்க!" நான் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். பகலில் மட்டும் ஓட்டட்டும், களைப்பாக ஓட்டவேண்டாம், பக்கத்தில் எந்நேரமும் ஒருவர் கவனமாக இருக்கட்டும் என்றார். அதை அப்படியே மகளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இவருடைய கையிலிருந்து ஸ்டியரிங் போகத்தான் போகிறது. அதை ஒரு டாக்டரோ மகளோ நானோ பிடுங்கினால் மனிதர் அதோடு உடைந்துபோவார். அவராகவே வைத்துவிட்டு இறங்கவேண்டும். அதற்கு அவருக்கு ஆசை தீர ஓட்ட ஒரு சாலை வேண்டும் என்று நினைத்தேன்.

திட்டம் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யார் எடுப்பது? கணினியில் பழைய வார்டு அட்டவணை மாதிரியே கட்டம் கட்டி, எந்த நாள் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே டீ, எங்கே டீசல், எந்த முகாமில் இரவு என்று வண்ணம் வண்ணமாக நிரப்பினேன். இரவு தங்குமிடம் எல்லாமே மின்சாரம் உள்ளதாகப் பார்த்து முன்பதிவு செய்தேன், ஏனென்றால் ரைஸ் குக்கர் எடுத்துப் போவதாக இருந்தேன். சோறில்லாமல் இவரால் இரண்டு நாள்கூடத் தள்ள முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக என் பெயரையும் சேர்த்தேன். அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஓட்டியதெல்லாம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார்தான்.

கிளம்பும் நேரங்களை ராகுகாலம் தவிர்த்துப் போட்டிருந்தேன், சமையலறையில் மாட்டியிருக்கும் நம் ஊர் நாள்காட்டியைப் பார்த்து. அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ராகுவும் நம்மகூட ஃபிளைட் ஏறுறாரா? அங்க சூரியன் உதிக்கிற நேரமே வேற லா. எந்த ஊரு ராகுகாலத்துக்குப் பயப்படுற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அட்டவணையை மாற்றவும் இல்லை.

சாமான் வாங்கக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். நான் சின்ன ரைஸ் குக்கரும், சீல் வைத்த ஊறுகாயும், மசாலாத் தூளும் வாங்கிக்கொண்டிருக்க, இவர் பழைய லோரிக் கூட்டாளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வேன் கதையைக் கேட்டு ஒருவர் சொன்னார்: "வேன்ல படுக்கவா அவ்ளோ தூரம் போற? இங்க லோரியில படுத்தது பத்தலயா?" எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கண்ணைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

என் அட்டவணையில் எல்லாம் இருந்தது, எலுமிச்சம்பழம் தவிர. புது வண்டி எடுத்தால், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துவது நம் வழக்கம். லோரிக்காரர்களுக்கு அது கட்டாயம். இவர் எனக்குத் தெரியாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் சாமி காலடியில் வைத்தெடுத்த பழங்களைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறார். அந்த நாட்டில் பழம், விதை, மண் ஒட்டிய செருப்பு எதையும் உள்ளே விடமாட்டார்கள். நான் உணவுப் பொருள் இருக்கிறதென்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் பிழைத்தோம். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, சட்டைப் பையில் என்ன என்று கேட்டார். கைக்குட்டை அவிழ்ந்தது. இவர் கெஞ்சும் குரலில் சொன்னார்: "பாஸ், திஸ் ஒன் ஃபோர் டயர். நாட் ஃபோர் ஈட்டிங்."

அந்த மனிதர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பழங்கள் குப்பைத் தொட்டிக்குப் போயின.

வேன் கொடுக்கும் இடத்தில் ஒரு இளம்பெண் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறைப் பெட்டியை எப்படிக் காலி செய்வது என்றெல்லாம் காட்டிவிட்டுச் சாவியை நீட்டினாள். இவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். எலுமிச்சை இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டாராம். திட்டப்படி நாங்கள் அப்போது பாதி வழி போயிருக்கவேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த பேரங்காடிக்கு நடந்து போனேன். ஒரு பை நிறைய எலுமிச்சை. ஒவ்வொன்றும் நம் ஊர்ப் பழம் மூன்று சேர்ந்த பருமன். நாலு டயருக்கும் நாலு வைத்தார், கும்பிட்டார், ஏறினார். வேன் நகர்ந்ததும் பழங்கள் பொளக் பொளக்கென்று நசுங்கின. அந்தப் பெண் டயர் வெடித்துவிட்டதென்று நினைத்து ஓடி வந்தாள். நான் விளக்கினேன். "இனிமேல் எல்லா வேனுக்கும் செய்யலாம் போலிருக்கிறதே, நல்ல வாசனை" என்றாள்.

முதல் சில நாள்கள் என் அட்டவணைப்படியே போனது. குறித்த நேரத்தில் கிளம்பினோம், குறித்த இடத்தில் டீ குடித்தோம். பனி ஒட்டிய மலைகள், மஞ்சளாகிவரும் மரங்கள், சாலையில் எங்களைத் தவிர யாருமில்லை. பின்னால் எவனும் ஹாரன் அடிக்கவில்லை. முகாமில் வேனைப் பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி நின்று, "வாங்க, வாங்க, லெஃப்ட்டு ஒடிங்க, போதும்" என்று கத்துவேன்.

"நல்ல கெலிண்டான் கெடச்சிருக்கு" என்பார்.

லோரியில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வரும் உதவியாளுக்கு எங்கள் ஊரில் கெலிண்டான் என்று பெயர். கயிறு கட்டுவது, பின்னால் எடுக்கும்போது வழி சொல்வது, முக்கியமாக ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடது ஓரத்தைப் பார்த்து "லெஃப்ட்டு கிளியர்" என்று சொல்வது. இவரும் மீசை முளைக்காத வயதில் கெலிண்டானாக ஏறியவர்தான். அந்த இருக்கையில் பல வருடம் உட்கார்ந்த பிறகே ஸ்டியரிங் கைக்கு வந்தது. இப்போது அந்த இருக்கையில் நான். வேலை என்னவோ எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஓடும் வண்டியின் இடது ஓரத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. மலையெல்லாம் அவருக்கு, ஓரத்து வெள்ளைக் கோடு எனக்கு என்று போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. ஒவ்வொரு முகாமுக்குள் நுழையும்போதும், "எந்த நேரத்துக்கு வரணுமோ அந்த நேரத்துக்கு வந்துட்டோம், போதுமா?" என்று ஒருமாதிரியாகச் சொன்னார். எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. நானே அவருக்கு ஒரு கேட் டைம் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில், இடப்பக்கம் ஒரு சின்னப் பலகை. ஏதோ ஏரியின் பெயர், ஓர் அம்புக்குறி. திட்டத்தில் இல்லாத ஏரி. என்னைக் கேட்காமலே திருப்பிவிட்டார்.

"எங்க போறீங்க?"

"போயி பாத்துக்கலாம் லா."

சரளைக் கல் சாலை. ரைஸ் குக்கர் அலமாரிக்குள் உருண்டது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முன்பதிவு வீணாகும், டீசல் போதாது, டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா, எனக்கு முட்டி வலி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காது கேளாதவர் மாதிரி ஓட்டினார். சாலை முடிந்த இடத்தில் ஏரி இருந்தது. கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், கரையில் உருண்டைக் கற்கள், வேனில் தங்குகிறவர்கள் இரவு நிறுத்தலாம் என்று ஒரு பலகை. மனிதர் யாருமில்லை. மின்சாரமும் இல்லை.

கோபத்தோடு குக்கரைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, கேஸ் அடுப்பில் சட்டியை வைத்து அரிசி வேகவிட்டேன். அடி பிடித்தது. பிடிக்காத பகுதியை எடுத்து, மிச்சமிருந்த எலுமிச்சையில் ஒன்றைப் பிழிந்து, மஞ்சளும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கிளறினேன். வெளியே மடக்கு நாற்காலி போட்டுத் தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டோம். இரண்டு வாய் சாப்பிட்டபின் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வடக்கு தெக்கு ரோட்டுல எத்தன போர்டு தெரியுமா? நீர்வீழ்ச்சி, சுடுதண்ணி ஊத்து, டுரியான் தோட்டம். எல்லாம் லெஃப்ட்டு திரும்பணும். வாழ்நாள் பூரா போர்ட மட்டுந்தான் பாத்தேன். ஒரு தடவகூட உள்ள போனதில்ல."

இத்தனை வருடமாக இவர் திட்டமே இல்லாத மனிதர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். திட்டத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து அலுத்துப்போனவர் என்று யோசித்ததில்லை. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எங்கே போவது என்பது அவர் முடிவு. எப்போது நிற்பது என்பது என் முடிவு. வெயில் சாயத் தொடங்கியதும் நான் "நிறுத்துங்க" என்றால் எந்த இடமானாலும் நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகான நாள்கள்தான் உண்மையான விடுமுறை. செர்ரி விற்கும் கடை என்று திரும்பினால் பருவம் முடிந்து கடையைப் பூட்டியிருந்தார்கள். பழைய பாலம் என்று திரும்பினால் பாலம் இருந்தது, அழகாகவே இருந்தது. ஒரு நாள் முகாம்கள் எல்லாம் நிரம்பி, ஒரு மாட்டுப் பண்ணையின் வேலியோரம் அனுமதி கேட்டுப் படுத்தோம். சாணி நாற்றத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. திட்டம் போடாமல் போவதுதான் சுதந்திரம் என்று முகநூலில் எழுதுகிறவர்கள் யாரும் அந்த வேலியோரம் படுத்திருக்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எலுமிச்சைகள் டீக்கும் சோற்றுக்கும் போய், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. முன்கண்ணாடிக்குக் கீழே அதை வைத்திருந்தார். வளைவுகளில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும்.

பயணம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இன்னும் நல்ல பகல். நிறுத்துங்க என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லாத நேரம். இடது ஓரத்தில் ஒரு சைக்கிள்காரர், பளிச்சென்ற மஞ்சள் சட்டை, தூரத்திலிருந்தே தெரிந்தார். இவரும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். வேன் நெருங்கியது. நெருங்கிக்கொண்டே போனது. விலகவில்லை.

"லெஃப்ட்டு! சைக்கிள்!" என்று அலறினேன்.

சட்டென்று வலப்பக்கம் ஒடித்தார். எதிரே வண்டி எதுவும் இல்லை. சைக்கிள்காரருக்கு ஒன்றும் தெரியாது. தாராளமாக இடம் விட்டு முந்திப் போகிறோம் என்று நினைத்து, ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டினார். அந்தக் கையைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் வண்டி நிறுத்தும் இடம் வந்தது. ஒதுக்கினார். எஞ்சினை அணைத்தார். அந்தச் சைக்கிள்காரர் எங்களைக் கடந்து, மறுபடி கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

"மஞ்சச் சட்டையா போட்டிருந்தான்?" என்று கேட்டார்.

"ஆமா."

"நான் பாக்கவே இல்ல."

என்னிடம் ஆறுதல் வார்த்தை நிறைய உண்டு. வார்டில் பழகியவை. ஒன்றையும் எடுக்கவில்லை. இது அவருடைய நேரம், நான் வாயைத் திறந்தால் என் அட்டவணையாகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடல்காற்றில் வேன் லேசாக ஆடியது.

அவர் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த எலுமிச்சையை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கினார். முன்னால் போய்க் குனிந்தார். எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. எழுந்து, பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"எறங்கு. நீ ஓட்டு. இனிமே நான் கெலிண்டான்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை அவரே மூடினார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் சாலை தெரியாது என்பதால் அழவில்லை. சாவியைத் திருகி, பிரேக்கை விட்டேன். டயருக்கடியில் எலுமிச்சை நசுங்கியது. ஒற்றைப் பழத்துக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"லெஃப்ட்டு கிளியர்" என்றார். "போ."

மிச்ச நாள்களும் நான்தான் ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன், பின்னால் ஒன்றிரண்டு ஹாரன்கூடக் கேட்டது. அவர் இடப்பக்கப் பலகைகளை ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். "ஒரு குகை போட்டிருக்கு, திருப்பு." திருப்பினேன்.

ஊர் திரும்பி, அடுத்த பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொண்டையைச் செருமினார். "நான் விட்டுட்டேன் டாக்டர்" என்றார் இவர். "வைஃப்தான் ஓட்டுறாங்க. நல்லாத்தான் ஓட்டுறாங்க, கொஞ்சம் ஸ்லோ." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் கிள்ளான் பக்கம்தான், சில நாள் அதையும் தாண்டிக் கடல்வரை. வேடிக்கை என்னவென்றால், முதல் நாளே அவர் ஆரம்பித்துவிடுகிறார். காலையில் சீக்கிரம் கிளம்பணும், இல்லாட்டி ஹைவே ஜாம் ஆகும், தோசை எங்கே, டீ எங்கே என்று. வழி சொல்பவருக்குத் திட்டம் வேண்டும் போலிருக்கிறது. "போயி பாத்துக்கலாம் லா" என்று நான் சொன்னால் முறைக்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெரிய சாலைக்கு இடப்பக்கம் திரும்பும் இடத்தில்தான் எனக்கு எப்போதும் பயம். காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் கிடைத்த சந்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் புகுந்து வருவார்கள். கெலிண்டான் இருக்கையில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, லோரியில் செய்ததுபோலவே இடது ஓரத்தைப் பார்ப்பார். நானும் கழுத்தைத் திருப்பி அவருக்குத் தெரியாமல் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். தெரியாமல் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன், என் தலை நேராகத் திரும்பும்வரை அவர் வாயைத் திறப்பதில்லை. திரும்பிய பிறகுதான், "லெஃப்ட்டு கிளியர், போ" என்கிறார்.

அவர் சொல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.